ஏர் ஜோர்டன் 3: முறிந்த பாதத்துக்குப் பின் வந்த காலணி

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் பெயரில் நைக்கி நிறுவனம் வெளியிடும் ஏர் ஜோர்டன் வரிசையின் மூன்றாம் காலணியை, ‘வொயிட் சிமென்ட் ரீஇமேஜின்ட்’ என்னும் மறுவெளியீட்டு வடிவில், ஓராண்டுக்கும் மேலாக அணிந்து வருகிறேன். வாரத்தில் நான்கு மாலைகள் பள்ளி மாணவர்களுக்குக் கூடைப்பந்து கற்றுத் தருவதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வயதை ஒத்தவர்களோடு மரத்தளத்தில் விளையாடுவதும் என் வழக்கம். அதனால் இந்தக் காலணி அலமாரியில் அழகுக்காக நிற்கவில்லை. வியர்வையையும் தூசியையும் நன்றாகவே பார்த்திருக்கிறது. 1988 இல் 100 டாலருக்கு விற்ற அசல் காலணியின் மறுவார்ப்பாக, 2023 மார்ச்சில் 210 டாலர் விலையில் நைக்கி நிறுவனம் இதை வெளியிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு கடையின் பின்னறையில் கிடந்து இப்போதுதான் வெளியே எடுக்கப்பட்டதைப் போன்ற, லேசாக மஞ்சள் தட்டிய வெண்மையை இதற்கு வேண்டுமென்றே கொடுத்திருக்கிறார்கள். அந்த நிறத்தைப் பழையது என்று எண்ணிப் பலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஒரு விளையாட்டுக் காலணியை மதிப்பிடும்போது மெத்தை எப்படி, பிடிப்பு எப்படி, கனம் எவ்வளவு என்று சொல்லி முடித்துவிடலாம். அவற்றையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால், இந்தக் காலணியைப் பொறுத்தவரை அது பாதி மதிப்பீடாகவே நின்றுவிடும். கணுக்காலின் உயரம், தோலின் மென்மை, குதிகாலில் தெரியும், அதிர்வைத் தாங்கும் காற்றறை என இதன் ஒவ்வொரு பாகமும், தன் தொழில் வாழ்க்கையின் மிக இக்கட்டான கட்டத்தில் நின்ற 24 வயது ஆட்டக்காரர் ஒருவருக்காகத் தீர்மானிக்கப்பட்டது. மைக்கேல் ஜோர்டன் அதுவரை எந்த வழியில் வந்தார் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் காலணி ஏன் இப்படி இருக்கிறது என்பது விளங்கும். அது விளங்கிய பிறகுதான் இதற்கு இவ்வளவு பணம் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய முடியும்.

அந்த வழியின் தொடக்கத்தைப் பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். பள்ளிப் பருவத்தில் அவர் அணியிலிருந்து துரத்தப்பட்டார் என்று மேடைப் பேச்சுகளில் அடிக்கடி கேட்கிறோம். வட கரோலினாவின் வில்மிங்டன் நகரிலுள்ள லேனி உயர்நிலைப் பள்ளியில் உண்மையில் நடந்தது வேறு. முதன்மை அணியில் இருந்த ஓர் இடம் அவரைவிட நல்ல உயரமான சக மாணவருக்குக் கிடைக்க, ஜோர்டன் இளையோர் அணியில் ஓராண்டு விளையாட அனுப்பப்பட்டார். பயிற்சியாளர் என்ற முறையில் அந்த முடிவைத் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஓராண்டு முழுவதும் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதைவிட, ஓராண்டு முழுவதும் களத்தில் நிற்பது வளரும் பிள்ளைக்கு நல்லது. அதன்பின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் டீன் ஸ்மித்தின் பயிற்சியில் மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1982 இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த தேசியக் கல்லூரி இறுதி ஆட்டத்தில், ஜார்ஜ்டவுன் அணிக்கு எதிராக முதலாண்டு மாணவரான அவர் கடைசி விநாடிகளில் எறிந்த பந்து 63–62 என்ற வெற்றியைக் கொண்டு வந்தது. 1984 இல் தொழில்முறை அணிகளுக்கான வீரர் தேர்வில் ஹூஸ்டன் முதலாவதாக ஹக்கீம் ஒலாஜுவானையும், போர்ட்லண்ட் இரண்டாவதாக சாம் போவியையும் எடுத்துக்கொள்ள, மூன்றாவதாக ஜோர்டனைச் சிகாகோ புல்ஸ் எடுத்தது. முந்தைய பருவத்தில் 27 ஆட்டங்களை மட்டுமே வென்றிருந்த அணி அது.

காலணி ஒப்பந்தமும் அதே ஆண்டில்தான் நடந்தது. கல்லூரியில் கான்வர்ஸ் நிறுவனத்தின் காலணியை அணிந்தவர், மனத்தளவில் அடிடாஸை விரும்பியவர், ஓட்டக் காலணிகளுக்குப் பெயர்பெற்றிருந்த நைக்கியின் அலுவலகத்துக்குப் பெற்றோர் வற்புறுத்தியதால்தான் போனார். ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் டாலர் என ஐந்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் ஆனது. முதல் ஏர் ஜோர்டன் 1985 ஏப்ரலில் 65 டாலருக்குக் கடைக்கு வந்து, முதல் ஆண்டிலேயே 10 கோடி டாலருக்கு மேல் விற்றது. ஆட்டத்திலும் அந்த முதல் பருவத்தில் சராசரியாக 28.2 புள்ளிகள் எடுத்து, ஆண்டின் சிறந்த புதுமுக ஆட்டக்காரராகத் தேர்வானார். எல்லாம் மேல்நோக்கியே போய்க்கொண்டிருந்தது.

1985 அக்டோபர் 29 அன்று, இரண்டாம் பருவத்தின் மூன்றாவது ஆட்டத்தில், அவருடைய இடது பாதத்தில் நாவிகுலர் என்னும் சிறு எலும்பு முறிந்தது. உள்ளங்கால் வளைவின் உச்சியில், உடலின் எடை முன்பாதத்துக்கு இறங்கும் வழியில், படகின் வடிவில் அமர்ந்திருக்கும் எலும்பு அது. ரத்த ஓட்டம் குறைந்த இடமாதலால் ஆறுவதற்கு நாளாகும். ஆறியது போலத் தோன்றி மீண்டும் முறிவதும் உண்டு. குதித்துக் குதித்து இறங்கும் கூடைப்பந்து வீரருக்கு இதைவிட மோசமான இடத்தில் முறிவு ஏற்படுவது அரிது. அந்தப் பருவத்தில் 64 ஆட்டங்களை ஜோர்டன் இழந்தார்.

அவருடைய தொழில் வாழ்க்கையைப் பற்றிப் பேசுபவர்கள் கோப்பைகளை எண்ணுகிறார்கள். நானோ என் மாணவர்களுக்கு இந்த 64 ஆட்டங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்வேன். ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பப்பட்ட அவர், தன் பழைய பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அணி நிர்வாகத்துக்குத் தெரியாமல் அங்கே மெல்ல மெல்ல விளையாடத் தொடங்கியிருந்தார். மறுபடி முறிவதற்குப் பத்து விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று மருத்துவர்கள் கூறியபோது, உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் அவரிடம், கடுமையான தலைவலிக்குக் கொடுக்கப்படும் பத்து மாத்திரைகளில் ஒன்று நஞ்சு என்றால் எடுத்துக்கொள்வாயா என்று கேட்டார். தலைவலி எவ்வளவு கடுமை என்பதைப் பொறுத்தது என்று ஜோர்டன் பதில் சொன்னார். கடைசியில் 1986 மார்ச்சில், ஒரு பாதிக்கு ஏழு நிமிடங்கள் மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு களமிறங்க அனுமதித்தார்கள். பயிற்சியாளர் ஸ்டான் ஆல்பெக் கடிகாரத்தைப் பார்த்து அவரை வெளியே அழைக்க வேண்டியிருந்தது. ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ அரை நிமிடம் எஞ்சியிருக்க, அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்த நிலையிலும் நேரம் முடிந்துவிட்டதென்று அவரை உட்கார வைத்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்குள், ஏப்ரல் 20 அன்று, பாஸ்டன் நகரில் செல்டிக்ஸ் அணிக்கு எதிராக இரண்டு கூடுதல் நேரங்கள் வரை நீண்ட ஆட்டத்தில் 63 புள்ளிகள் எடுத்தார். கோப்பைக்கான பிளே ஆஃப் சுற்று ஆட்டம் ஒன்றில் தனிநபர் எடுத்த புள்ளிகளில் அதுவே உச்சம். சிகாகோ 135–131 என்று தோற்றது. அவருக்கு முன்னதாகத் தேர்வான சாம் போவியோ கால் எலும்பு முறிவுகளால் பருவம் பருவமாக இழந்துகொண்டிருந்தார். போவியைத் தேர்ந்தெடுத்ததைப் பிழை என்று எளிதாகச் சொல்பவர்கள், ஜோர்டனின் நாவிகுலர் எலும்பு ஒழுங்காகக் கூடாமல் போயிருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

இந்தப் பின்னணியோடு காலணியைக் கையில் எடுத்தால் அதன் முதல் சிறப்பு புலப்படும். முதல் ஏர் ஜோர்டன் கணுக்காலை நன்றாக மூடும் உயரம் கொண்டது. இத்தாலியில் தைக்கப்பட்ட இரண்டாவதும் உயரமானதே. மூன்றாவது, கணுக்கால் எலும்பை ஒட்டியே நின்றுவிடுகிறது. காலில் முறிவு கண்ட ஒருவருக்கு இன்னும் உயரமான, இன்னும் இறுக்கமான காலணி செய்ய வேண்டும் என்றே பொதுவாக நமக்குத் தோன்றும். ஜோர்டன் அதற்கு நேர்மாறாகக் கேட்டார்: கணுக்கால் தாராளமாக அசைய வேண்டும், ஆனால் காலைக் கைவிட்டுவிடவும் கூடாது. வடிவமைப்பாளர் டிங்கர் ஹாட்ஃபீல்டு முக்கால் உயரத்தைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். அணிந்து விளையாடுகையில் அந்த அளவின் நியாயம் தெரிகிறது. பந்தோடு வலப்பக்கம் பாய்வதாகக் காட்டி இடப்பக்கம் திரும்பும்போது காலணியின் மேல்விளிம்பு கணுக்காலைத் தடுப்பதில்லை. ஆனாலும் குதிகாலைச் சுற்றியுள்ள கடினமான வார்ப்புப் பகுதி பாதத்தை இடம்பெயர விடாமல் பிடித்துக்கொள்கிறது.

ஹாட்ஃபீல்டு படிப்பால் கட்டடக் கலைஞர். ஓரிகான் பல்கலைக்கழகத்தில் கழியூன்றித் தாண்டும் வீரராக இருந்தவர். நைக்கியில் முதலில் அலுவலகக் கட்டடங்களை வடிவமைக்கத்தான் சேர்ந்தார். 1987 இல் ஏர் மேக்ஸ் 1 காலணியின் குதிகால் பகுதியில் ஒரு சாளரம் திறந்து, உள்ளே இருக்கும் காற்றறையை வெளியே தெரியும்படி செய்தவர் அவரே. ஜோர்டனின் காலணியை அவரிடம் ஒப்படைத்தபோது நிறுவனத்துக்கு நேரம் சரியில்லை. ஜோர்டனை அழைத்து வந்தவர்களில் முக்கியமானவரான ராப் ஸ்ட்ராஸரும், முதல் காலணியை வடிவமைத்த பீட்டர் மூரும் வெளியேறிவிட்டார்கள். ஒப்பந்தம் முடியும் காலம் நெருங்க, ஜோர்டனும் அவர்களோடு போய்விடும் மனநிலையில் இருந்தார். மாதிரியைக் காட்ட ஏற்பாடான கூட்டத்துக்கு அவர் பல மணி நேரம் தாமதமாக, கோல்ஃப் மைதானத்திலிருந்து வந்தார் என்றும், பெற்றோர் அங்கே காத்திருந்தார்கள் என்றும், துணியை விலக்கிக் காலணியைக் காட்டியதும் அவர் முகம் மாறியது என்றும் ஹாட்ஃபீல்டு பின்னாளில் விவரித்திருக்கிறார். ஒரு தொழில்முறை ஆட்டக்காரரின் வாழ்க்கையில் ஆட்டத்துக்கு வெளியே எடுக்கப்படும் முடிவுகள் எவ்வளவு பெரியவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அன்று அவர் நைக்கியிலேயே தங்கினார். 1997 இல் ஜோர்டன் பெயரிலேயே தனிப் பிரிவு ஒன்று உருவாகும் அளவுக்கு அந்த உறவு வளர்ந்தது.

தோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுருக்கம் விழுந்தாற்போன்ற மென்மையான தோல் இது; விரல் நுனியால் அழுத்தினால் சிறு சிறு குமிழ்களாகக் குழிந்து மீள்கிறது. ஜோர்டன் ஏறக்குறைய ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புதுக் காலணி அணிபவர். புதுக் காலணி பழகுவதற்குச் சில நாள்கள் ஆகும் என்ற பேச்சே அவரிடம் செல்லாது. போட்ட முதல் நிமிடத்திலேயே பழகியதாக இருக்க வேண்டும் என்றார். அதற்காகவே இந்தத் தோல் தேர்வானது. மறுவெளியீட்டிலும் அந்தக் குணம் பெருமளவு இருக்கிறது. நான் முதல் நாளே ஒன்றரை மணி நேரம் அணிந்து விளையாடினேன். குதிகாலிலோ சுண்டுவிரலிலோ கொப்புளம் இல்லை. கால் விரல் மடியும் இடத்தில் மூன்றாம் வாரம் ஒரு மெல்லிய மடிப்பு விழுந்தது. அதைக் குறை என்று நான் கருதவில்லை. மடிப்பு விழாத தோல் காலோடு மடியாத தோல்.

முன்நுனியிலும் குதிகாலிலும் சாம்பல் நிறத்தில் ஓடும் கோடுகள் யானைத் தோலின் வெடிப்புகளை நினைவூட்டுபவை. ஆதலால் உலகமெங்கும் இதை யானை அச்சு என்றே அழைக்கிறார்கள். அழகுக்கு மட்டும் அல்ல, அதிகம் உரசும் இரண்டு இடங்களில் அழுக்கும் கீறலும் உடனே தெரியாமல் மறைக்கவும் அது உதவுகிறது. என்னுடைய ஜோடியில் இடது நுனியில் நன்றாகவே உரசல் இருக்கிறது. குனிந்து தேடினால்தான் கண்ணில் படும். நாக்குப் பகுதியில் சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருக்கும், கால்களை விரித்துத் தாவும் மனிதச் சின்னம், ஏர் ஜோர்டன் காலணிகளில் முதன்முதலாக இடம்பெற்றது இதில்தான். பக்கவாட்டில் நைக்கியின் அடையாளக் கோடு கிடையாது. அது குதிகாலுக்குப் போய்விட்டது. ஓர் ஆட்டக்காரரின் உருவம் நிறுவனத்தின் சின்னத்துக்கு முன்னால் வந்து நின்ற தருணம் அது. 2003, 2011 மறுவெளியீடுகளில் குதிகாலில் இருந்த ‘நைக்கி ஏர்’ எழுத்துகளை எடுத்துவிட்டுத் தாவும் மனிதனையே அங்கும் பொறித்திருந்தார்கள். 2023 பதிப்பில் அசல் எழுத்துகள் திரும்பிவிட்டன. பழைய புகைப்படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது சிறிய செய்தி அல்ல.

அந்தப் புகைப்படங்களில் தலையாயது 1988 பிப்ரவரி 6 அன்று எடுக்கப்பட்டது. சிகாகோ ஸ்டேடியத்தில், தன் ஊர் மக்களின் முன்னால் நடந்த, தாவி எழுந்து பந்தை வளையத்தில் திணிக்கும் டங்க் போட்டியில், டாமினிக் வில்கின்ஸோடு கடைசிச் சுற்று வரை சமமாகப் போராடிய ஜோர்டன், களத்தின் மறுமுனையிலிருந்து ஓடிவந்து, ஃப்ரீ த்ரோ கோட்டருகே காலூன்றி எழும்பி, வளையத்தில் பந்தைத் திணித்தார். நடுவர்கள் முழு மதிப்பெண்ணான 50 கொடுத்தார்கள். 147–145 என்ற கணக்கில் வெற்றி. அன்று அவர் காலில் இருந்தது இந்த வெள்ளைச் சிமென்ட் நிறம்தான். மறுநாள், எல்லா அணிகளின் சிறந்த வீரர்களும் ஆடும் நட்சத்திர ஆட்டத்தில் இதன் கறுப்பு வடிவத்தை அணிந்து 40 புள்ளிகள் எடுத்தார். படத்தை உற்றுப் பார்த்தால், அந்தரத்தில் மடிந்து பின்னுக்கு நிற்கும் கால்களில் ஒன்று, இருபத்தேழு மாதங்களுக்கு முன்பு முறிந்த அதே இடது கால் என்பது என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது.

அந்த 1987–88 பருவம் முழுவதையும் சொன்னால்தான் காலணியின் வேலை புரியும். 82 ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. சராசரி 35.0 புள்ளிகள். 259 முறை எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தார், 131 எறிதல்களைத் தடுத்தார். மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் ஒரே பருவத்தில் அவரிடம் வந்தன. தாவுவதற்கென்று மட்டும் செய்த காலணி இப்படி ஆடுபவருக்குப் போதாது. தடுப்பாட்டம் என்பது பக்கவாட்டில் சறுக்கி நகர்வது, நின்ற இடத்தில் சட்டென்று திரும்புவது, ஒரு மணி நேரத்தில் நூறு முறை நின்று நின்று கிளம்புவது.

இனி என் கால்களின் அனுபவம். கையில் எடுத்தால் கனம் தெரிகிறது, இன்றைய துணிப்பின்னல் காலணிகளுக்குப் பழகிய மாணவர் ஒருவர் இதை வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, “சார், இதைப் போட்டுக்கொண்டா அவர் அவ்வளவு உயரம் போனார்?” என்று கேட்டார். நியாயமான வியப்பு. பாதத்துக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே பாலியூரித்தேன் என்னும் நுரைப்பொருளால் ஆன நடுப்பகுதி உறுதியானது. இன்றைய நுரைகளைப் போல அமுங்கி எழும்பித் தள்ளிவிடாது. குதிகாலின் காற்றறை, பின்காலில் இறங்கும்போது அதிர்வை நன்றாகவே வாங்கிக்கொள்கிறது. முன்பாதத்தில் அந்த ஆறுதல் குறைவு. என் முழங்கால்களுக்கு ஒரு மணி நேர ஆட்டம் வரை இது போதும். அதற்குமேல் விளையாடும் நாள்களில் வேறு காலணிக்கு மாறிவிடுகிறேன். சுத்தமான மரத்தளத்தில் பிடிப்பு மிக நன்று, நிற்க நினைத்த இடத்தில் நிற்க முடிகிறது. தூசி படிந்த சிமென்ட் தளத்தில் இரண்டு மூன்று முறை அடிப்பாகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அகலமான பாதம் உள்ளவர்களுக்கு முன்பகுதி வசதியாகவே இருக்கும். வழக்கமான அளவையே வாங்கலாம்.

ஆகவே, போட்டிகளில் நாள்தோறும் ஓடியாடும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதை வாங்கித் தர வேண்டாம் என்றுதான் பெற்றோரிடம் சொல்வேன். 1988 இல் இது களத்தின் முன்னணிக் கருவி. அதன்பின் கூடைப்பந்துக் காலணியின் தொழில்நுட்பம் நெடுந்தொலைவு வந்துவிட்டது. இதில் பாதி விலைக்கும் குறைவாக, இதைவிட இலேசான, முழங்காலுக்கு இதமான காலணி அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும். இந்த ஆட்டத்தை நெடுநாள் நேசித்து, அதன் வரலாற்றில் ஒரு துண்டைக் காலில் உணர விரும்புபவர்களுக்கு, வாரம் ஒருமுறை விளையாடுபவர்களுக்கு, தினமும் நடப்பதற்கு உழைக்கும் ஒரு தோல் காலணி தேவைப்படுபவர்களுக்கு, இந்த விலை தகும். திரைப்பட இயக்குநர் ஸ்பைக் லீ நடித்து இயக்கிய அக்கால விளம்பரங்களில், இவ்வளவுக்கும் காலணிதான் காரணமோ என்று அவர் விடாமல் கேட்க, ஜோர்டன் இல்லை என்றே பதில் சொல்லிக்கொண்டிருப்பார். விற்பவர்களே எடுத்த விளம்பரத்தில் வந்த அந்தப் பதில், பிள்ளைகளுக்குக் காலணி வாங்கக் கடைக்குப் போகும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது.

வாங்குவதில் ஓர் எச்சரிக்கை. முதலில் நான் இணையத்தில் இயங்கும் ஒரு மறுவிற்பனையாளரிடம் முழுத் தொகையையும் செலுத்தி வாங்கினேன், வந்தது போலி. பெட்டியைத் திறந்தவுடன் மூக்கைத் தாக்கிய பசை நெடியே முதல் ஐயத்தை எழுப்பியது. யானை அச்சின் கோடுகள் கன்னங்கரேலென்று தடித்து, இரண்டு காலணிகளிலும் அச்சு அசலாக ஒரே இடத்தில் ஓடின. உண்மையான காலணியில் கோடுகள் மெலிந்தும் விட்டு விட்டும் போகும். தோலை வெட்டிய இடத்தைப் பொறுத்து இடதுக்கும் வலதுக்கும் வேறுபாடு இருக்கும். குதிகால் எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இல்லை. காற்றறையின் சாளரத்தை விரலால் அழுத்தியபோது அசைவே இல்லாத கெட்டிப் பிளாஸ்டிக்காக இருந்தது. திருப்பி அனுப்பியும் பணம் வரவில்லை. அதன்பிறகு, அதிகாரபூர்வக் கடையில் வாங்கி வரும்படி வெளிநாட்டிலிருந்த நண்பரிடம் கேட்டுக்கொண்டுதான் இப்போதைய ஜோடியைப் பெற்றேன். விலைச்சீட்டு இல்லாமல், படங்களை மட்டும் பார்த்து, யாரும் இந்தக் காலணியை வாங்க வேண்டாம்.

மூன்றாவது காலணியின் காலத்தில் ஜோர்டனிடம் ஒரு கோப்பைகூட இல்லை என்பதை இன்றைய இளைஞர்கள் பலர் அறிவதில்லை. அந்தப் பருவத்தின் முடிவில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி 4–1 என்று சிகாகோவை வெளியேற்றியது. 1989 இலும் 1990 இலும் அதே அணியே வழிமறித்தது. 1987 இல் வந்து சேர்ந்த ஸ்காட்டி பிப்பெனும் ஹொரேஸ் கிராண்டும் முதிர்ச்சி அடைய வேண்டியிருந்தது, 1989 இல் ஃபில் ஜாக்சன் தலைமைப் பயிற்சியாளராக வேண்டியிருந்தது, பிஸ்டன்ஸின் முரட்டுத்தனமான தடுப்பைத் தாங்க ஜோர்டனே தன் உடலுக்குத் தசையும் எடையும் ஏற்ற வேண்டியிருந்தது. முதல் கோப்பை 1991 இல், ஏழாவது பருவத்தில்தான் வந்தது. 1993 வரை மூன்று கோப்பைகள், தந்தை கொலையுண்ட துயரத்துக்குப் பின் பேஸ்பாலில் கழிந்த இடைவெளி, 1996 முதல் 1998 வரை மீண்டும் மூன்று, வாஷிங்டன் அணியில் இரண்டு பருவங்கள், 2003 இல் 32,292 புள்ளிகளோடு விடை என்று மீதிக் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. முப்பதுக்கும் மேற்பட்ட காலணிகள் இந்த வரிசையில் அடுத்தடுத்து வந்தன. கோப்பையோடு இணைத்துப் பேசப்படுபவை ஆறாவதும் பதினொன்றாவதும் பதினான்காவதும். கோப்பை இல்லாத ஆண்டுகளின் காலணியான மூன்றாவதைத்தான் நான் விரும்பித் தேடினேன். உடைந்து எழுந்தவரின் காலில், வெற்றிக்கு இன்னும் மூன்றாண்டுகள் இருக்கையில், ஒவ்வோர் இரவும் வேலைக்குப் போன காலணி இது.

பழைய காலணியை மீண்டும் அணிவது பற்றி ஜோர்டனுக்கே ஓர் அனுபவம் உண்டு. 1998 மார்ச் 8 அன்று, நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் சிகாகோ அணிக்காகத் தான் ஆடும் கடைசி ஆட்டமாக இருக்கலாம் என்ற எண்ணத்தில், பதின்மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய முதல் ஏர் ஜோர்டனை எடுத்து அணிந்துகொண்டார். 42 புள்ளிகள் எடுத்தார். கழற்றியபோது காலுறையில் ரத்தம் இருந்தது. காலணியும் இறுகியிருந்தது, பாதமும் வளர்ந்திருந்தது.

மூன்றாவது காலணியின் அசல் 1988 ஜோடிகளை இன்று அவ்வாறு அணியவே முடியாது. அவற்றின் பாலியூரித்தேன் நடுப்பகுதி காற்றின் ஈரத்தை வாங்கி உள்ளுக்குள் சிதைந்து, ஓரடி எடுத்து வைத்தாலே ரஸ்க்கைப் போலப் பொடிந்து உதிர்ந்துவிடும். மறுவெளியீட்டுக்கும் காலப்போக்கில் அந்த விதிதான், ஏனெனில் பொருள் அதே பொருள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது இன்னும் விரைவாக நிகழும். பெட்டிக்குள் பூட்டி வைத்தால் காலணி பத்திரமாக இருக்கும் என்று நினைப்பது இந்த வகையில் செல்லாது. காற்றோட்டமான இடத்தில் வைத்து, மாதத்துக்கு ஓரிரு முறையாவது போட்டு நடந்து, நடுப்பகுதி அமுங்கி எழும்படி விட வேண்டும் என்பதே நீண்ட நாள் சேகரிப்பாளர்கள் சொல்லும் வழி. நான் ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் நாடாவை முழுவதும் தளர்த்தி, நாக்குப் பகுதியை வெளியே இழுத்துவிட்டு, வெயில் நேரே படாத சாளரத்தின் ஓரம் மாலை வரை வைத்துவிட்டு, ஈரத்துணியால் யானை அச்சின் மேலுள்ள தூசியைத் துடைத்து எடுத்து வைக்கிறேன்.